கேளா ஒலியும் கேளாத உண்ணியும்

கால்நடை வளர்ப்போருக்கு உண்ணி புதிய பகையன்று. மாட்டின் காது மடலிலும், அலைதாடியின் மடிப்பிலும், மடியின் இடுக்கிலும், வாலின் அடியிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் இந்தச் சிற்றுயிரைப் பூச்சி என்று பலர் சொல்லுவர். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள். சிலந்திக்கும் தேளுக்கும் அது உறவு. அதனை அழிக்கக் கையால் பிடுங்கியதும், வேப்பெண்ணெய் தடவியதும், மருந்து தெளித்ததும் பழைய கதை. புதியது ஒன்று உண்டு. மாட்டின் கழுத்திலோ நாயின் கழுத்துப்பட்டையிலோ மாட்டிவிட்டால், மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி உண்ணிகளை ஓட ஓட விரட்டுவதாகச் சொல்லப்படும் கருவிதான் அது. இணையக் கடைகளில் இத்தகைய கருவிகள் பலவகை விற்கின்றன. 'மருந்து இல்லை, நாற்றம் இல்லை, முழுக்க முழுக்க விஞ்ஞானம்' என்பதே இவ்விளம்பரங்களின் பல்லவி.

இயற்பியல் கற்பிக்கும் எனக்குக் கால்நடை மருத்துவத்தில் தனித் தேர்ச்சி கிடையாது. ஆனால் இக்கருவிகள் இயற்பியலின் பெயரைச் சொல்லி விற்கப்படுகின்றன. அண்மையில் என் மாணவர் ஒருவர், தம் வீட்டுக் கறவை மாட்டுக்காக வாங்கவிருந்த கருவியின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து, "ஐயா, இதில் சொல்லியிருக்கும் கேளா ஒலி நாம் பாடத்தில் படித்த கேளா ஒலிதானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதே ஒலிதான். ஆகவே பாடத்தில் அதற்குப் பொருந்தும் விதிகள் விளம்பரத் தாளிலும் பொருந்தவேண்டும். பொருந்துகின்றனவா என்று பார்ப்போம்.

ஒலியின் கணக்கு

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி மனிதச் செவிக்குக் கேட்பதில்லை. இதனையே கேளா ஒலி என்கிறோம். எடுத்துக்காட்டாக 40,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்வோம். காற்றில் ஒலியின் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர். அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் 9 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக வரும். நாம் பேசும் குரலில் உள்ள 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 1.7 மீட்டர். கொட்டகைக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாலும் முன்னால் இருப்பவருக்குக் கேட்பதற்கு இந்த நீண்ட அலைநீளமே காரணம். நீண்ட அலை தடைகளைச் சுற்றி வளைந்து செல்லும். 9 மில்லிமீட்டர் அலைக்கு அந்தத் திறன் இல்லை. அது ஏறக்குறைய ஒளியைப் போல் நேராகச் சென்று, தடைக்குப் பின்னால் நிழலை விட்டுவிடும்.

மாட்டின் கழுத்தில் தொங்கும் கருவிக்கும் வாலின் அடிக்கும் இடையே எத்தனை தடைகள்! தோள், விலாப் பெட்டி, வயிறு, தொடை எல்லாம் வழியில் நிற்கின்றன. உண்ணி விரும்பித் தங்கும் இடங்களோ மடிப்புகளும் இடுக்குகளுமே. கழுத்தில் கட்டிய விளக்கின் வெளிச்சம் மடியின் இடுக்கில் விழுமானால் இந்த ஒலியும் அங்கே விழும் என்று எதிர்பார்க்கலாம்.

தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு கைகொடுப்பதில்லை. பரவும் ஒலியின் செறிவு, தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். கருவியிலிருந்து 10 சென்டிமீட்டரில் உள்ள செறிவு, 2 மீட்டர் தொலைவில் 400இல் ஒரு பங்காகிவிடும். இதனோடு காற்றும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 40,000 ஹெர்ட்ஸ் ஒலியைக் காற்று மீட்டருக்கு ஒரு டெசிபெலுக்கு மேல் விழுங்கிவிடும். இரண்டையும் சேர்த்தால், மாட்டின் பின்புறத்தை எட்டும் செறிவு ஏறத்தாழ 700இல் ஒரு பங்கு. உரோமம் உறிஞ்சுவதை இதில் நான் சேர்க்கவில்லை.

"மருத்துவமனை ஸ்கேனில் கேளா ஒலி உடலுக்குள் ஊடுருவுகிறதே?" என்று வாசகர் கேட்கலாம். அங்கே தோலின் மீது ஜெல் தடவுகிறார்கள் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். காற்றிலிருந்து உடலின் மீது படும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே உள்ளே செல்லும். மற்றது திரும்பி எதிரொலித்துவிடும். இடையிலுள்ள காற்றை நீக்கவே அந்த ஜெல். கழுத்தில் தொங்கும் வில்லைக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை.

இனி ஆற்றலைப் பார்ப்போம். சிறிய பொத்தான் வடிவ மின்கலம் ஒன்று 3 வோல்ட்டில் ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் தரும். அதிலுள்ள மொத்த ஆற்றல் 2,400 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. இத்தகைய மின்கலத்தால் கருவி ஓராண்டு வேலை செய்யும் என்றால், ஓராண்டின் 3 கோடியே 15 இலட்சம் நொடிகளுக்கு அதைப் பங்கிடவேண்டும். கிடைக்கும் சராசரித் திறன் 75 மைக்ரோவாட், அதாவது ஒரு வாட்டின் 10 இலட்சத்தில் 75 பங்கு. இதற்கு மாறாக, கறவை மாடு ஒன்று தன் உடலிலிருந்து பல நூறு வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியிடுகிறது. ஒலியும் வெப்பமும் வெவ்வேறு புலன்களுக்கு உரியவை. ஆதலால் இதை நேரடிப் போட்டியாகக் கொள்ளக்கூடாது. எனினும் பசுவின் உடல் உண்ணியை 'வா' என்று அழைக்கச் செலவிடும் ஆற்றல், கருவி 'போ' என்று சொல்லச் செலவிடும் ஆற்றலைப் போல் பல இலட்சம் மடங்கு என்பது நினைவில் நிற்கட்டும்.

உண்ணிக்குக் காது உண்டா?

ஒலியால் விரட்டவேண்டுமானால் எதிரிக்குச் செவி வேண்டும். உண்ணிக்கு நம்முடையதைப் போன்ற செவியோ, விட்டில்களுக்கு இருப்பதைப் போன்ற செவிப்பறையோ கிடையாது. அதன் முதல் இணைக் கால்களின் நுனியில் மிக நுட்பமான ஓர் உறுப்பு உண்டு. 1881இல் அதனை விவரித்த ஹாலர் என்பவரின் பெயரால் அது ஹாலர் உறுப்பு எனப்படுகிறது. உண்ணி புல்லின் நுனியில் ஏறி நின்று முன்கால்களைக் காற்றில் நீட்டிக் காத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அப்போது அது விலங்கின் மூச்சிலுள்ள கார்பன்-டை-ஆக்ஸைடையும், வியர்வையின் மணத்தையும், காற்றின் ஈரத்தையும் முகர்ந்தறிகிறது. உடலிலிருந்து கதிர்வீசும் வெப்பத்தையும் இவ்வுறுப்பே உணர்கிறது என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 'டீட்' போன்ற விரட்டிப் பொருள்கள் இந்த வெப்ப உணர்வை மழுங்கச் செய்கின்றன என்பதும் அதே ஆய்வின் முடிவு.

உண்மையான விரட்டி, உண்ணியிடம் இருக்கும் புலனைத் தாக்குகிறது. கேளா ஒலிக் கருவியோ அதனிடம் இல்லாத புலனை நோக்கிப் பேசுகிறது. நிலத்தின் அதிர்வை உண்ணி உணரும் என்பது மெய்தான். ஆனால் விலங்கு நடக்கும்போது எழும் அதிர்வு உண்ணிக்கு இரை வருகிறது என்னும் செய்தி; அஞ்சி ஓடவேண்டிய செய்தியன்று.

கேட்பது யாருக்கு?

'மனிதர்க்குக் கேட்காது, ஆகவே தொல்லையில்லை' என்கிறது விளம்பரம். கருவியை அணிந்திருப்பது மனிதரல்லவே! நாய்க்கு ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரையும், பூனைக்கு 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், மாட்டுக்கு 35,000 ஹெர்ட்ஸ் வரையும் கேட்கும். 25,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் கருவி இம்மூன்றின் செவிக்கும் எட்டும். நாயின் கழுத்திலிருந்து அதன் செவி ஒரு சாண் தூரம். வாலடியில் உள்ள உண்ணியோ அதைப்போல் பலமடங்கு தொலைவு. ஆக, விற்பவர் இரண்டில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். உண்ணியைத் துன்புறுத்தும் அளவுக்கு ஒலி வலுவானது என்றால் அது நாயை முதலில் துன்புறுத்தும். நாய்க்குத் தொல்லையில்லாத அளவு மெலிந்தது என்றால், செவியே இல்லாத உண்ணி அதைப் பொருட்படுத்தக் காரணமில்லை.

மின்கலமே இல்லாத வேறொரு வகையும் உண்டு. காந்தப் பட்டை ஒட்டிய சிறு வில்லை அது. விலங்கின் உடலைச் சுற்றி 'ஆற்றல் கவசம்' எழுப்பி ஆண்டுக்கணக்கில் காக்குமாம். சிறு காந்தத்தின் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தொலைவு பத்து மடங்கானால் புலம் ஆயிரத்தில் ஒரு பங்கு. சில சாண் தூரத்திற்குள் அது புவியின் காந்தப்புலத்திற்கு முன் ஒன்றுமில்லாமற் போகும். அந்தப் புவிக் காந்தப்புலத்திலேயே உண்ணிகள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வாழ்ந்து வருகின்றன.

"எங்கள் மாட்டில் குறைந்ததே!"

இவ்வளவு சொன்ன பிறகும், "நாங்கள் கட்டினோம், உண்ணி குறைந்தது" என்று சாட்சி சொல்வோர் இருப்பர். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதைச் சொல்கிறார்கள். அந்தக் காட்சிக்கு விளக்கம் உண்ணியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

நம் நாட்டு மாடுகளில் மிகுதியாகக் காணப்படும் ரிப்பிசெஃபாலஸ் மைக்ரோபிளஸ் என்னும் உண்ணி, குஞ்சுப் பருவத்தில் மாட்டின் மீது ஏறி, அதே மாட்டிலேயே தோலுரித்து வளர்ந்து, ஏறத்தாழ மூன்று வாரங்களில் இரத்தம் நிரம்பிக் கொட்டைமுத்துப் போல் பருத்துத் தானாகவே கீழே விழுந்துவிடும். விழுவது ஓடிப்போவதற்கன்று, முட்டையிடுவதற்கு! ஒரு பெண் உண்ணி இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு மடியும். வெளிவரும் குஞ்சுகள் உணவின்றிப் பல வாரங்களோ மாதங்களோ காத்திருக்க வல்லவை.

இப்போது நடப்பதை எண்ணிப் பாருங்கள். மாட்டில் உண்ணி மொய்த்துக் கிடக்கும் நாளில்தான் ஒருவர் கருவி வாங்குகிறார். சில விளம்பரங்கள், பயன் தெரிய இரண்டு மூன்று வாரம் பொறுக்கச் சொல்கின்றன. அந்த மூன்று வாரத்தில் பருத்த உண்ணிகள் இயல்பாகவே உதிர்ந்துவிடுகின்றன. அதே வேளையில் வீட்டார் கையால் சிலவற்றைப் பிடுங்கியிருப்பர், கொட்டகையைக் கூட்டியிருப்பர், பருவமும் மாறியிருக்கும். பெயரைத் தட்டிச் செல்வது கழுத்தில் தொங்கும் கருவி. இரண்டு மாதம் கழித்துப் புதுக் குஞ்சுகள் ஏறும்போது, "இந்த ஆண்டு உண்ணி அதிகம்" என்று பருவத்தின் மீது பழி விழுகிறது.

இந்த மயக்கத்திலிருந்து தப்ப ஒரே வழி ஒப்பீடு. அதற்கு உண்ணி ஆராய்ச்சியிலேயே ஒரு சிறந்த முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் தென்பகுதி மாடுகள் வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டபோது, அவை நலமாக இருக்க, வடபகுதி மாடுகள் 'டெக்சஸ் காய்ச்சல்' கண்டு மடிந்தன. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் ஆகியோர் வேலியடைத்த தனித்தனி நிலங்களில் மாடுகளை விட்டுப் பார்த்தனர். ஒன்றில் உண்ணியுள்ள தென்மாடுகளோடு வடமாடுகள். மற்றொன்றில் உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கிய தென்மாடுகளோடு வடமாடுகள். இன்னொன்றில் தென்மாடுகளே இல்லாமல் உண்ணிகளை மட்டும் தூவிய நிலத்தில் வடமாடுகள். உண்ணி இருந்த நிலங்களில் நோய் வந்தது. இல்லாத நிலத்தில் வரவில்லை. 1893இல் வெளியான இந்த ஆய்வு, கணுக்காலி ஒன்று விலங்குநோயைப் பரப்புவதை ஐயமற நிறுவியது. இன்றைய மின்னணுச் சாதனங்கள் எவையும் அவர்களிடம் இல்லை. வேலியும் பொறுமையும் நேர்மையான ஒப்பீடும் இருந்தன. நம் விளம்பரத் தாள்களில் வண்ணப்படம் உண்டு. கருவி கட்டாத மாட்டின் கணக்கு மட்டும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டது என்ன? பூனைகளுக்குக் கேளா ஒலிக் கழுத்துப்பட்டை கட்டிச் சோதித்த ஆய்வொன்று 1989இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. தெள்ளுப்பூச்சிகளைக் கட்டுப்படுத்துவதில் அதனால் பயன் தெரியவில்லை. 2001 மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், கேளா ஒலி விரட்டிகளைச் செய்வோரும் விற்போருமாக 60க்கும் மேற்பட்டவர்களுக்கு, அவர்கள் சொல்லும் பயனுக்கு அறிவியற் சான்று வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2021இல் வெளியான ஆய்வொன்று ஒன்பது கருவிகளை ஆஸ்திரேலியப் பக்கவாத உண்ணியின் மீது சோதித்தது. கருவிகள் பலவற்றின் முன் உண்ணிகளிடம் சிறிதளவு நகர்வு தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவில் எந்தக் கருவியும் உண்ணிகளை விரட்டவில்லை. மேடையில் விட்ட உண்ணி சிறிது நகர்வது வேறு. தோலுக்குள் வாயுறுப்பைச் செலுத்தி ஒட்டிக்கொண்ட உண்ணி கழன்று ஓடுவது வேறு.

தீமை இல்லையென்றா சொல்கிறீர்கள்?

"பயனில்லாவிட்டால் போகட்டும், தீமை இல்லையே" என்பது பலர் சொல்லும் சமாதானம். இதைத்தான் நான் வன்மையாக மறுக்கிறேன். தீமை கருவியில் இல்லை. அதை நம்பிக் காத்திருக்கும் நாள்களில் இருக்கிறது.

உண்ணி இரத்தத்தை மட்டும் எடுப்பதில்லை. நோயைக் கொடுத்துவிட்டும் போகிறது. மைக்ரோபிளஸ் உண்ணி பபேசியா என்னும் ஒட்டுண்ணியைச் செலுத்தினால் மாட்டுக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து, கண் இமையின் உட்புறம் வெளிறிப்போகும். ஹயலோமா வகை உண்ணி பரப்பும் தைலேரியா நோயில் நிணநீர்க் கட்டிகள் வீங்கும். நாட்டு மாடுகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். மிகுந்த பாலுக்காக நாம் விரும்பி வளர்க்கும் கலப்பின மாடுகளோ எளிதில் வீழ்கின்றன. நாய்களில் பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோய் இரத்தத் தட்டணுக்களைக் குறைத்து மூக்கில் இரத்தம் வடியச் செய்யும். இவையெல்லாம் தொடக்கத்திலேயே கண்டால் மருந்துக்கு வசப்படும் நோய்கள். கழுத்தில் கருவி இருக்கிறதே என்று உண்ணியைப் பாராமலும், மாடு தீவனம் எடுக்காததை வெயிலின் மேல் போட்டும் கழிக்கும் நான்கு நாளில் ஓர் ஏழைக் குடும்பத்தின் முதல் முழுவதும் போய்விடக்கூடும். கடன் வாங்கிக் கறவை மாடு வாங்கியவருக்குக் கருவியின் விலை சில நூறு ரூபாயன்று, மாட்டின் விலை.

மருந்தும் ஆராய்ச்சிக்கு உரியதே

கருவியைக் குறை சொல்வதால் மருந்தைக் கண்மூடிப் போற்றவேண்டும் என்பதில்லை. அமெரிக்கா 1906இல் தொடங்கி, மாடுகளை இரண்டு மூன்று வாரத்திற்கொருமுறை ஆர்செனிக் கரைசலில் முக்கியெடுத்து, 1943இல் மாட்டு உண்ணி ஒழிந்ததாக அறிவித்தது. அங்கே வென்றது நஞ்சு மட்டுமன்று. உண்ணி மாட்டின் மீது மூன்று வாரம் தங்கும் என்பதை அறிந்து, அது முட்டையிடக் கீழே விழுமுன் அடுத்த முறை முக்கிய கணக்கும் சேர்ந்தே வென்றது. கணக்கில்லாமல் நஞ்சை மட்டும் நம்பினால் நடப்பதும் தெரிந்ததே. ஆர்செனிக்கை எதிர்த்துப் பிழைக்கும் உண்ணிகள் 1930களிலேயே ஆஸ்திரேலியாவில் தோன்றிவிட்டன. அதன்பின் வந்த மருந்துகளையும் உண்ணிகள் ஒவ்வொன்றாக எதிர்த்து நிற்கின்றன. அரை அளவு மருந்தைக் கண்டபோதெல்லாம் தெளிப்பது, வலுவான உண்ணிகளைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே மாட்டின் எடைக்குரிய அளவில், சொன்ன இடைவெளியில், கால்நடை மருத்துவரின் யோசனைப்படியே மருந்து இடவேண்டும். மருந்திட்ட பின் எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டறிய வேண்டும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு இட்டால் உயிருக்கே ஆபத்து. உண்ணிகளில் பெரும்பங்கு எப்போதும் விலங்கின் மேல் இருப்பதில்லை. தரையிலும் புல்லிலும் சுவரின் வெடிப்பிலும் இருக்கும். கொட்டகைச் சுவரின் வெடிப்புகளைப் பூசுவதும், சாணத்தையும் குப்பையையும் அகற்றுவதும், புதிதாக வாங்கிய மாட்டை உண்ணி நீக்கிய பிறகே மற்றவற்றோடு சேர்ப்பதும் செலவு குறைந்த நல்ல காப்புகள். நாயின் பழுப்பு உண்ணி வீட்டுச் சுவரிலேறி ஒளியும். நாய்க்கு மட்டும் மருந்திட்டுச் சுவரை விட்டால் பாதி வேலைதான் ஆகும். பிடுங்கும்போது சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். வெறுங்கையால் நசுக்குவது கூடாது. 2011இல் குஜராத்தில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்ட கிரிமியன்-காங்கோ காய்ச்சல், உண்ணியாலும் நோயுற்ற விலங்கின் இரத்தத்தாலும் மனிதருக்கு வரும் கொடிய நோய்.

கேட்கவேண்டிய கேள்விகள்

'விஞ்ஞானம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் மதிப்புக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வளர்ந்திருக்கிறது. அது நல்ல பழக்கமே. ஆனால் அந்தச் சொல்லுக்குரிய மதிப்பு, அளவீட்டாலும் ஒப்பீட்டாலும் வருவது. கருவி விற்க வருபவரிடம் நான்கே கேள்விகள் கேளுங்கள்: அதிர்வெண் எவ்வளவு? எத்தனை தொலைவில் எத்தனை டெசிபெல்? எந்த வகை உண்ணியின் மீது சோதித்தீர்கள்? கருவி கட்டாத மாடுகளில் அதே நாள்களில் உண்ணி எத்தனை இருந்தது? விடை எண்களாக வந்தால் உட்காரவைத்துப் பேசலாம். வண்ணப்படமும் வாடிக்கையாளர் புகழுரையுமாக வந்தால், அந்தப் பணத்தில் கொட்டகைச் சுவரைப் பூசிவிடலாம். மாலையில் பால் கறக்க உட்காரும்போது காது மடலையும் மடியின் இடுக்கையும் வாலின் அடியையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். உண்ணியைக் கண்டுபிடிப்பதில் அந்தக் கைக்கு ஈடான கருவி இன்னும் சந்தைக்கு வரவில்லை.